ஒடுக்கு எங்கே இருக்கிறது?

பழைய அம்பாசடர் காரின் முன்சக்கரத்துக்கு மேலே உப்பி நிற்கும் மட்கார்டு கேட் தூணில் இடித்து நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம். காருக்கு உரியவர் சக்கரத்தைக் கழற்றுகிறார். உள்ளே கையை விட்டு, பள்ளத்தின் மிக ஆழமான இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, சுத்தியலால் நாலு போடு போடுகிறார். வெளியே வந்து பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு மேடு எழும்பியிருக்கிறது. அதைச் சுற்றிப் பழைய பள்ளம் வளையமாக அப்படியே நிற்கிறது. இன்னும் பலமாக அடித்தால் மேடு கூர்மையாகிறது, பள்ளம் கோணலாகிறது, இரண்டும் சேர்ந்து முன்பைவிட மோசமாகிவிடுகிறது.

அவருக்குப் பலம் போதாமல் இல்லை. ஒடுக்கு இருக்கும் இடம் என்று அவர் நினைத்த இடத்தில் ஒடுக்கு இல்லை, அவ்வளவுதான். பள்ளத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் அப்பாவி. நசுங்கலைப் பிடித்து வைத்திருப்பது அதைச் சுற்றி எழும்பி நிற்கும் வரப்பு. அனுபவமுள்ள எந்த டிங்கரும் முதலில் அந்த வரப்பைத்தான் தேடுவார். ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே போனால், இரும்பின் அணுக்கள் வரைக்கும் இறங்க வேண்டியிருக்கிறது.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை வெளிவந்த அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றியது. அந்தக் காலத்துக் கார்களின் வெளித்தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள மென் எஃகு. கரிமம் மிகக் குறைவாக உள்ள, எளிதில் வளைந்து கொடுக்கும் வகை. தட்டையான தகட்டை அச்சுக்கு நடுவில் வைத்து ராட்சத அழுத்த எந்திரம் ஒரே அமுக்கில் மட்கார்டாக மாற்றிவிடும். அமெரிக்காவின் எட்வர்டு பட் என்பவர் 1914-ல் டாட்ஜ் கார்களுக்கு முழுக்க எஃகாலான உடல்களைச் செய்து கொடுக்கத் தொடங்கியபோது இந்த முறை பெருகியது. அதற்கு முன்பு கார் உடலுக்குள் மரச்சட்டம்தான் எலும்பு.

ஒரு மில்லிமீட்டர் தகடு மடியாமல், ஆடாமல், நூறு கிலோமீட்டர் வேகத்துக் காற்றைத் தாங்கி நிற்பது எப்படி? அதன் பலம் தடிமனில் இல்லை, வளைவில் இருக்கிறது. தட்டையான தாளை ஒரு திசையில் உருட்டிக் குழாயாக்கலாம், மறுபடி விரிக்கலாம். ஆனால் அதே தாளை ஒரு பந்தின்மீது சுருக்கமில்லாமல் ஒட்டவைக்க யாராலும் முடியாது. எங்காவது கிழிய வேண்டும் அல்லது மடிய வேண்டும். ஒரு பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் எப்படி வளைத்தாலும், இரு திசை வளைவுகளைப் பெருக்கி வரும் அளவு மட்டும் மாறவே மாறாது என்று 1827-ல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் நிறுவினார். தன் கண்டுபிடிப்பின் அழகில் மயங்கி அதற்கு 'வியத்தகு தேற்றம்' என்றே பெயர் வைத்தார். மட்கார்டு இரு திசையிலும் வளைந்தது. அதன் வடிவத்தை மாற்ற வேண்டுமானால் எஃகை இழுக்கவோ நெருக்கவோ வேண்டும், அதற்கு எஃகு எளிதில் சம்மதிக்காது. நடுவில் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும் பழைய கார்க் கதவு உள்ளங்கை அழுத்தத்துக்கே ஆடுவதும், வளைந்த மட்கார்டு ஆள் ஏறி உட்கார்ந்தாலும் அசையாததும் இதனால்தான்.

அப்படிப்பட்ட மட்கார்டில் ஒரு தூண் முட்டும்போது தகடு என்ன செய்யும்? ஒரு பிங்பாங் பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் எதிர்க்கும். பிறகு திடீரென்று உள்வாங்கி ஒரு குழி விழும். அந்தக் குழியை உற்றுப் பார்த்தால் அதன் உட்புறம் கசங்கியே இருக்காது. வெளியே குவிந்திருந்த அதே வளைவு அப்படியே கண்ணாடிப் பிம்பமாக உள்நோக்கித் திரும்பியிருக்கும். வளைவின் அளவும் மாறவில்லை, காஸின் விதியும் மீறப்படவில்லை. கசங்கியது விளிம்பு மட்டும்தான். மெல்லிய கோளங்கள் இப்படித்தான் நசுங்கும் என்பதைக் கார்கிவ் நகரில் பணியாற்றிய வடிவியல் அறிஞர் அலெக்சேய் பொகரேலோவ் கணக்காகவே எழுதிக் காட்டினார். நசுங்கலின் சக்தி முழுதும் அந்த விளிம்பில்தான் குவிந்து கிடக்கும் என்பது அவர் கணக்கின் சாரம். அந்த விளிம்பின் அகலம் எவ்வளவு? வளைவின் ஆரத்தையும் தகட்டின் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். ஆரம் 40 சென்டிமீட்டர், தகடு ஒரு மில்லிமீட்டர் என்றால், விடை 20 மில்லிமீட்டர். ஒரு சாண் அகல நசுங்கலின் பூட்டு இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டையில் இருக்கிறது. பிங்பாங் பந்தின் விளிம்பைப் பக்கவாட்டில் லேசாகப் பிதுக்கினால் பல நேரம் குழி தானே 'டப்'பென்று வெளியே வந்துவிடுகிறது. குழியைத் தொடவே வேண்டியதில்லை.

எஃகுக்கும் பந்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எஃகின் விளிம்பு வெறுமனே வளைந்து நிற்பதில்லை. நிரந்தரமாக மாறிவிடுகிறது.

எந்த எஃகும் கொஞ்ச தூரம் வரை ரப்பர்போல் நடந்துகொள்ளும். மென் எஃகுக்கு அந்தத் தூரம் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் தாண்டிய அளவு திரும்பாது. நசுங்கலின் அகன்ற நடுப்பகுதி பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்குத் திரும்ப அதற்கு ஆசை உண்டு, வரப்பு விடுவதில்லை. எல்லையைத் தாண்டியது வரப்பும், தூணின் முனை நேராக இடித்த சின்ன இடமும்தான்.

தாண்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரிய புதிர்களில் ஒன்று. இரும்பின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டவை. வளைவது என்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் நழுவ வேண்டும். அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-ல் யாகோவ் ஃப்ரெங்கெல் கணக்குப் போட்டார். வந்த விடை, உலோகங்கள் நிஜத்தில் வளையும் விசையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு, சிலவற்றில் ஆயிரக்கணக்கான மடங்கு! கணக்குப்படி பார்த்தால் ஒரு சுத்தியலால் மட்கார்டைத் தொடக்கூட முடியாது. 1934-ல் டெய்லர், ஓரோவன், போலான்யி என்ற மூவர், தனித்தனியாக, ஒரே விடையைச் சொன்னார்கள். அடுக்குகள் ஒட்டுமொத்தமாக நழுவுவதில்லை. அடுக்கில் எங்கோ ஒரு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். அந்தப் பிசகு ஓர் அணு அகலம், இன்னோர் அணு அகலம் என்று நகர்ந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது அடுக்கு முழுதும் ஒரு படி நழுவியிருக்கும். அந்தந்தக் கணத்தில் முறிந்து மறுபடி சேரும் பிணைப்புகள் ஒரு கோடு அளவுக்குத்தான். அதனால்தான் இவ்வளவு குறைந்த விசை போதுகிறது. டிஸ்லொகேஷன் என்று பெயர் பெற்ற இந்தப் பிசகுகள் ஓடுவதை 1956-ல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் கூட்டாளிகளும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணாரக் கண்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் வெறும் கருத்தாக இருந்த ஒன்று திரையில் நகர்ந்தது. அந்த அறையில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏக்கம் உண்டு.

வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகும். நன்றாகச் சூடாக்கி ஆறவிட்ட மென்மையான உலோகத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிசகுக் கோடுகளை எல்லாம் முனையோடு முனை சேர்த்தால் சில பத்து கிலோமீட்டர் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வரும். அதையே அடித்து நொறுக்கினால் பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். நிலாவுக்குப் போய்த் திரும்பியும் மிச்சமிருக்கும் தூரம், சுண்டு விரல் நுனியளவு இரும்புக்குள். இவ்வளவு நெரிசலில் ஒரு பிசகு இன்னொன்றின் வழியை மறிக்கும். எதுவும் நகர முடியாமல் போகும். நகர முடியாவிட்டால் உலோகம் வளையாது. அதாவது, கெட்டிப்பட்டுவிட்டது. பித்தளைக் குடம் அடிக்கும் கன்னார் நடுநடுவே குடத்தை உலையில் காட்டி எடுப்பது இந்த நெரிசலைக் கலைக்கத்தான். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் முறிந்துவிடுவதும் இதே காரணத்தால்.

இப்போது மட்கார்டுக்குத் திரும்பினால், வரப்பு ஏன் பூட்டாக இருக்கிறது என்பது முழுதாகப் புரியும். கசங்கிய இடம் அது, ஆகவே பிசகுகள் குவிந்து கெட்டிப்பட்ட இடமும் அதுவே. நடுப்பகுதி இன்னும் மென்மையாக இருக்கிறது. உள்ளிருந்து நடுவில் அடிப்பவர் மென்மையான இடத்தை அடிக்கிறார். அது இணங்கிப்போய் நீண்டு மேடாகிறது. கெட்டியான வரப்பு அசையாமல் நிற்கிறது. வளையத்தின் நடுவே மேடு வந்த கதை இதுதான்.

காலதாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. பழைய மென் எஃகில் கொஞ்சமாக இருக்கும் கரிம அணுக்கள், கோடைச் சூட்டில் மெதுவாக ஊர்ந்துபோய், புதிதாகப் பிறந்த பிசகுகளின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிசகை நகர்த்தக் கூடுதல் விசை வேண்டும். 1949-ல் காட்ரெல், பில்பி இருவரும் விளக்கிய இந்த நிகழ்வால், நேற்று விழுந்த ஒடுக்கைவிட மூன்று மாதம் பழசான ஒடுக்கு கடினமாக இருக்கும். இடித்த வாரமே கை வைப்பது நல்லது.

இனி வேலை. வீட்டில் செய்ய நினைப்பவருக்கு முதல் ஒரு மணி நேரம் சுத்தியலே வேண்டாம். நசுங்கலைப் படிக்க வேண்டும். தூண் எங்கே முதலில் முட்டியது? பெயின்ட் சுரண்டப்பட்ட இடம் அதைக் காட்டும். எந்தத் திசையில் தகடு ஓடியது? வரப்பு எங்கே கூர்மை, எங்கே வால்போல் மெலிந்து மறைகிறது? தூண் முட்டிய இடம் முதலில் உள்வாங்கும், அதைச் சுற்றிப் பள்ளம் அகலும், கடைசியாகத்தான் வெளி வரப்பு எழும்பும். சரிசெய்வது அந்த வரிசைக்கு நேர்த் தலைகீழ். கடைசியில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும், முதலில் இடித்த இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

மட்கார்டின் உட்புறத்தில் பல வருடச் சேறும் தாரும் அப்பியிருக்கும். அதைச் சுரண்டி வெறும் தகடு தெரியும்வரை துடைப்பது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. சேற்றுக்கு மேல் வைக்கும் எந்தக் கருவியும் தகட்டோடு பேசாது. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் தலையை நுழைக்கக் கூடாது, கட்டை முட்டுக் கொடுத்தே தீர வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் வேண்டும். பழைய பெயின்டில் ஈயச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பதே பாதுகாப்பு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வாசலில் செய்யவே வேண்டாம்.

டாலி என்பது கையடக்கமான கனத்த இரும்புக் கட்டி. அதன் முகங்கள் வெவ்வேறு வளைவில் இருக்கும். தண்டவாளத் துண்டை அரத்தால் வழவழப்பாக்கி டாலியாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சுத்தியலின் முகம் தட்டையாகவும் கண்ணாடிபோல் மழமழப்பாகவும் இருக்க வேண்டும். ஆணி அடித்து முகம் சிதைந்த சுத்தியல் ஒவ்வோர் அடியிலும் தன் தழும்பைத் தகட்டில் பதித்துவிடும்.

இடது கையால் டாலியை உள்ளிருந்து பள்ளத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறோம். வலது கையால், வெளியிலிருந்து, பக்கத்து வரப்பின்மீது தட்டுகிறோம். சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் இல்லை. ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். வரப்பின் மெலிந்த வாலிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி, கூர்மையான இடத்தை நோக்கி வர வேண்டும். தோளிலிருந்து அடிக்கக் கூடாது. மணிக்கட்டிலிருந்து, எழும்பி விழும் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் வரப்பு ஒரு நூலளவு இறங்கும், பூட்டு ஒரு நூலளவு தளரும், கீழிருந்து டாலி அழுத்திக்கொண்டே இருப்பதால் பள்ளம் தானாகவே ஏறும். சில நேரம் ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு ஒரு கை அகலப் பள்ளம் சட்டென்று எழும்பிவிடுவதை டாலி பிடித்த கை உணரும். விடுபட்ட எஃகு தன் இடத்துக்குப் போகிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். நாம் எதையும் உண்டாக்கவில்லை, வழியை மட்டும் விட்டிருக்கிறோம்.

சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் வந்தால் சத்தம் மாறும். தகடு இரண்டுக்கும் நடுவே நசுங்குவதால் 'கணீர்' என்று ஒலிக்கும். விலகி அடித்தால் ஓசை மந்தமாக இருக்கும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற தெருக்களில் பத்துச் சுத்தியல்கள் ஒரே நேரத்தில் ஒலித்தாலும், தன் சுத்தியல் எங்கே விழுகிறது என்று பழகியவர் காதாலேயே அறிவார். அந்தக் 'கணீர்' அடிக்கும் தேவை உண்டு, ஆனால் கடைசியில், கொஞ்சமாக. காரணம், நடுவில் மாட்டிய எஃகு மெலியும். மெலிந்த எஃகு எங்கும் மறைந்துவிடாது, பரப்பில் விரியும். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது பத்து மைக்ரான், சாதாரணக் காகிதத் தடிமனில் பத்தில் ஒன்று மெலிந்தது என்று வைத்துக்கொள்வோம். இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான இடத்தில் பரப்பளவு நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். சுற்றியுள்ள தகடு இடம் தராது. கூடிய பரப்பு மேலோ கீழோ உப்பத்தான் வேண்டும். எவ்வளவு உப்பும்? கணக்குப் போட்டால் நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்! கண்ணுக்கே தெரியாத பத்து மைக்ரான், விரல் தடிமன் மேடாக எழுகிறது. அதிகம் அடிப்பவர்கள் கெடுப்பது இப்படித்தான்.

அப்படி நீண்டுபோன தகட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. விரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொக்' என்று வெளியே வரும். இருக்க வேண்டியதைவிடப் பரப்பு கூடுதலாக இருப்பதால் இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்க முடிகிறது. இதைச் சுத்தியலால் தீர்க்க முடியாது, அடிக்க அடிக்கக் கூடும். சுருக்க வேண்டும். சுருக்கப் பயன்படுவது நெருப்பு என்பது கேட்கும்போது முரணாகத் தெரியும், நெருப்பில் இரும்பு விரியுமல்லவா? உப்பலின் உச்சியில் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தைக் கேஸ் வெல்டிங் சுடரால் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சுகிறார்கள். 25 மில்லிமீட்டர் அகல இடம் அந்தச் சூட்டில் 0.2 மில்லிமீட்டர் விரியப் பார்க்கும். சுற்றிலும் குளிர்ந்த தகடு விடாது. சிவந்த எஃகு பலமிழந்து மென்மையாக இருப்பதால் தோற்கிறது. பக்கவாட்டில் விரிய முடியாமல் தன்னைத்தானே நெருக்கித் தடிக்கிறது. ஆறும்போது அந்த 0.2 மில்லிமீட்டரும் சுருங்கும், ஆனால் இம்முறை பழைய அளவுக்கும் கீழே. சுற்றியுள்ள தகட்டை நாலாபுறமும் தன் பக்கம் இழுத்து இறுக்குகிறது. விரியவிடாமல் தடுத்ததுதான் சுருக்கத்தைக் கொடுத்தது. வெப்பவியல் பாடத்தில் இதைவிட அழகான செய்முறை எனக்குத் தெரியாது.

சுடர் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்கும் குழாயும் பழைய வயர்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அந்த ஒரு படிக்கு மட்டும் பட்டறைக்குப் போவதில் குறைவு ஒன்றுமில்லை.

இதே இடத்தில், ஹேர் டிரையரால் சூடாக்கி உடனே பனிக்கட்டி வைத்தால் ஒடுக்கு ஓடிவிடும் என்ற நம்பிக்கையையும் அளந்து பார்க்கலாம். தகட்டின் சூடு 50 டிகிரி கூடினால் எஃகு பத்தாயிரத்தில் ஆறு பங்கு நீளும். நிரந்தர மாற்றத்துக்கு வேண்டிய எல்லைக்கு அது கீழே. ஆகவே கெட்டிப்பட்ட வரப்பு உள்ள ஒடுக்கை இது அசைக்காது. வரப்பே இல்லாத, அகன்ற, ஆழமற்ற, 'டொக்' வகைப் பள்ளம் விளிம்பில் தயங்கி நின்றால் மட்டும் இந்தச் சின்ன உந்தல் போதும். பிளாஸ்டிக் பம்பரில் வெந்நீர் ஊற்றி நிமிர்த்துவது வேறு கதை. அது சூட்டில் உண்மையிலேயே இளகும் பொருள், அங்கே இந்த உத்தி நன்றாகப் பலிக்கும். உறிஞ்சு கிண்ணத்துக்கும் இதே நியாயம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தை வளிமண்டலம் அழுத்தும் விசை அதிகபட்சம் 180 கிலோ எடைக்கு நெருங்கும். வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் அது இழுப்பது நடுப்பகுதியை. வரப்பைத் தட்டித் தளர்த்திக்கொண்டே இழுத்தால் பயன் தரும். வெறுமனே இழுத்தால் முதல் பத்தியில் நடந்ததே நடக்கும்.

பள்ளம் ஏறிவிட்டது என்று கண் சொன்ன பிறகு கையைக் கேட்க வேண்டும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நல்ல இடத்தில் தொடங்கி, நசுங்கிய இடத்தைக் கடந்து, மறுபுறம் நல்ல இடம் வரை ஒரே இழுப்பில் தடவ வேண்டும். விரல் நுனியால் குத்திப் பார்ப்பது பயன்படாது. நம் தோலின் கூர்மை நாம் எண்ணியிருப்பதைவிட மிகப் பெரிது. 2013-ல் ஸ்டாக்ஹோம் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கையாகச் சுருக்கங்கள் வார்த்த பரப்புகளை மக்களிடம் தடவக் கொடுத்தார்கள். 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கத்தைக்கூட விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தது. தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு அது! விரல் நகர்ந்தால்தான் இந்தத் திறமை விழிக்கும், ஓரிடத்தில் வைத்து அழுத்தினால் இல்லை.

அனுபவஸ்தர்கள் கைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணியைப் போட்டுத் தடவுவார்கள். பார்ப்பவருக்கு விசித்திரமாக இருக்கும், உணர்வை ஏன் மறைக்க வேண்டும் என்று தோன்றும். 1975-ல் கார்டன், கூப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மெல்லிய காகிதத்தின் வழியாகத் தடவினால் பரப்பின் அலைவுகள் வெறுங்கையைவிட நன்றாகத் தெரிகின்றன என்று சோதித்து எழுதினார்கள். வெறுந்தோல் தகட்டில் ஒட்டி ஒட்டி இழுபடும். அந்த இழுப்பின் இரைச்சலில் மெதுவான ஏற்ற இறக்கம் மூழ்கிவிடும். துணி அந்த இழுப்பைத் தான் வாங்கிக்கொண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் உள்ளே விடுகிறது.

கைக்கு அடுத்தது வெளிச்சம். ஈரத்துணியால் துடைத்த தகட்டில் டியூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓட வேண்டும். பரப்பு ஒரு டிகிரி சாய்ந்தால் பிம்பம் இரண்டு டிகிரி திரும்பும். மூன்று மீட்டர் தள்ளியுள்ள பொருள் அதில் பத்து சென்டிமீட்டர் விலகித் தெரியும். பளபளக்கும் பெயின்ட் அடித்த பிறகு தப்புகள் எல்லாம் பெரிதாகித் தெரிவது இதனால்தான். மங்கலான பிரைமரில் எதுவும் காட்டிக்கொடுக்காது. ஆகவே பிரைமரை நம்பி ஏமாறாமல், ஈரமாக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

மிஞ்சும் மெல்லிய குழிகளுக்குப் பட்டி. ஒரு காலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கித் தடவினார்கள். 1950-களின் நடுவில் பாலியெஸ்டர் பட்டி வந்த பிறகு அது அருகிவிட்டது. டப்பாவில் இருக்கும் பட்டியோடு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஹார்டனர் பசையைக் கலந்ததும், அதிலுள்ள பெராக்சைடு உடைந்து ஒரு தொடர்வினையைக் கிளப்பிவிடும். மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், கலவை சூடாகும், நம் ஊர்க் கோடையில் சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். பட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மில்லிமீட்டருக்குள் அது நேர்மையான பொருள். ஒரு விரல் ஆழப் பள்ளத்தைச் சுத்தியல் தொடாமல் பட்டியால் நிரப்புவதுதான் தப்பு. எஃகும் பட்டியும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிபவை. தடிமனான பட்டி நாளடைவில் விரிசல் விட்டு, உள்ளே ஈரம் இறங்கி, அடியில் துரு பரவும். பழைய கார் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துக்கொண்டால், அது பிடிக்காத இடமெல்லாம் பட்டி என்று தெரிந்துவிடும். பட்டியில் கலந்துள்ள மாவுக்கல் ஈரத்தை உறிஞ்சும். எனவே பெயின்டைப்போல் இதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, முகமூடி போட்டு உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

இவ்வளவும் பழைய எஃகுக்குத்தான். இன்றைய கார்களின் வெளித்தகடு 0.7 மில்லிமீட்டர் அளவே இருக்கும். பலவற்றில், தொழிற்சாலையில் பெயின்டைச் சுடும் 170 டிகிரி அடுப்பிலேயே கெட்டிப்படும்படி எஃகைத் தயாரிக்கிறார்கள். கரிம அணுக்கள் பிசகுகளின் அடியில் போய் உட்காரும் அதே நிகழ்வை, மாதங்களுக்குப் பதில் இருபது நிமிடத்தில், வேண்டுமென்றே நடத்தி முடிக்கிறார்கள். அதில் சுத்தியலும் டாலியும் கொஞ்ச தூரம்தான் போகும். கையால் ஒடுக்கெடுக்கக் கற்றுக்கொள்ள ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஆசிரியர், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசடரின் தடித்த மட்கார்டுதான்.

வெளிப்புறம் முடிந்ததும் பலரும் மறந்துவிடும் ஒரு வேலை பாக்கி இருக்கும். உட்புறத்தில் டாலி அழுத்திய இடமெல்லாம் வெறும் எஃகு. மழைக்காலத்துச் சேறு முதலில் தொடப்போவது அதைத்தான். அன்றே துடைத்து, காயவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை பூசி, அது உலர்ந்த பின் மேலே தார்ப்பூச்சு கொடுத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டலாம்.